பிரேக்குக்கு முன்னால் ஒரு பாடம்: ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

பயிற்சி வண்டியில் உங்கள் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். சில வண்டிகளில் கிளட்சும் இருக்கும். ஆக்சிலரேட்டர் அநேகமாக இருக்காது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஏற்பாடு மாணவனுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. எது தப்பாகப் போனாலும் பதில் பிரேக்கில் இருக்கிறது என்பதுதான் அது. பக்கத்தில் இருப்பவர் டக்கென்று மிதிக்கிறார், வண்டி நிற்கிறது, பிரச்சினை தீர்கிறது. இருபது நாள் இதையே பார்த்தவன் உரிமம் வாங்கிய பிறகும் அப்படித்தான் ஓட்டுவான். நான் ஓட்டினேன், பத்து வருடத்துக்கு மேல்.

எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் பொறுமைசாலி. கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது, கண்ணாடியைப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ரிவர்ஸ் எடுக்க, மேட்டில் நிறுத்திக் கிளப்ப, இரண்டு வண்டிக்கு நடுவே சொருக எல்லாம் கற்றுத் தந்தார். இன்றைக்கும் அவர் சொல்லிக்கொடுத்தபடிதான் பார்க்கிங் செய்கிறேன். ஆனால் 'அந்தத் தூரத்தில் என்ன தெரிகிறது?' என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. 'எரிபொருள்' என்ற சொல்லே அந்த இருபது நாளில் வரவில்லை என்று நினைக்கிறேன். வண்டியில் டீசல் போடுவது அவர் வேலை, ஓட்டுவது என் வேலை.

இந்த மடலுக்குக் காரணம் என் அக்கா.

அக்காவும் நானும் கொஞ்ச காலம் ஒரே காரைப் பகிர்ந்துகொண்டோம். ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான். அதே அலுவலகச் சாலை, அதே நெரிசல் நேரம். என் வாரத்தில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் வரும். அவள் வாரத்தில் 16. முதலில் நம்பவில்லை. டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி நிரப்பும்போது வகுத்துப் பார்த்தோம். இரண்டு மாதம் பார்த்தோம். மாறவே இல்லை. சரி, மெதுவாக உருட்டுகிறாள் போல என்று நினைத்து ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மெதுவாகவெல்லாம் இல்லை. நான் கிளம்பும் நேரத்துக்கே கிளம்பினாள், ஏறக்குறைய நான் சேரும் நேரத்துக்கே சேர்ந்தாள். வித்தியாசம் அவளுடைய வலது காலில் இருந்தது. பிரேக் பக்கமே அது அதிகம் போகவில்லை.

சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவாள். வண்டி தானாக வேகம் தணிந்து போகும். பாதிக்குப் பாதி நேரம், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்துவிடும். நிற்காமலேயே இரண்டாவது, மூன்றாவது கியரில் கடந்துவிடுவாள். எங்களை உரசிக்கொண்டு முந்திப் போனவர் அதே சிக்னலில் நின்று, முதல் கியர் போட்டுக் கிளம்பிக்கொண்டிருப்பார். இதை எங்கே கற்றாய் என்று கேட்டேன். அவள் முதன்முதலில் ஓட்டிய பழைய காரில் பிரேக் சரியாகப் பிடிக்காதாம். 'அதை நம்பி ஓட்ட முடியுமா? முன்னாடியே பார்த்துக்கிட்டுத்தான் போகணும்' என்றாள்.

பிரேக் கெட்ட வண்டியைக் கொடுத்துப் பழக்குங்கள் என்று உங்களிடம் கேட்க முடியாது. ஆனால் அந்த வண்டி அவளுக்குக் கற்றுத் தந்ததை நீங்கள் கற்றுத் தரலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த ஓட்டத்தில் அதற்குள் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 167 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் சூடு, புகை, உராய்வு என்று பெரும்பகுதி போய், சக்கரத்துக்கு வந்து சேர்வது நன்றாக வைத்துப் பார்த்தாலும் நாலில் ஒரு பங்குதான். அப்படிப் பார்த்தால் அந்த 60 கிலோமீட்டர் வேகத்தை வாங்க சுமார் 20 மில்லி பெட்ரோல் செலவாகியிருக்கிறது. நான்கு தேக்கரண்டி. பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தும்போது அந்த நான்கு தேக்கரண்டியும் பிரேக் வட்டில் சூடாகிக் காற்றில் போகிறது. ஐம்பது முறை அப்படி நிறுத்தினால் ஒரு லிட்டர். நகரத்தில் ஐம்பது நிறுத்தம் என்பது ஓரிரண்டு நாள் கணக்கு.

வேகம் கூடினால் கணக்கு இன்னும் மோசமாகும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. 80 கிலோமீட்டரிலிருந்து நிறுத்தினால் 20 மில்லி அல்ல, 36, 37 மில்லி போகும். முன்னே சிவப்பு விளக்கு தெரிந்தும் 60-இலிருந்து 80-க்கு ஏற்றி, பிறகு அழுத்திப் பிடித்து நிறுத்துபவர், வாங்கிய சரக்கை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போகிறார்.

பிரேக் எரிபொருளைக் குடிப்பதில்லை. ஏற்கெனவே குடித்ததை வீணாக்குகிறது. மாணவனுக்கு இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மீதி எல்லாம் அவனே கண்டுபிடிப்பான். மைலேஜ் என்றால் ஆக்சிலரேட்டர் சமாச்சாரம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது கண் சமாச்சாரம். பத்துப் பன்னிரண்டு விநாடி தூரம் முன்னால் பார்ப்பவனுக்குக் காலை எப்போது எடுப்பது என்று தெரியும். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கை மட்டும் பார்ப்பவனுக்கு, அந்த விளக்கு எரிந்த பிறகுதான் தெரியும். அவனுக்கு அப்போது பிரேக்கைத் தவிர வேறு வழியில்லை.

இனி காலை எடுப்பது பற்றி. இதில் தப்பான நம்பிக்கைகள் நிறைய உலவுகின்றன, சில உங்கள் வண்டிகளிலிருந்தே கிளம்புகின்றன.

கணினி அளந்து எரிபொருளைத் தெளிக்கும் இப்போதைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டால், எஞ்சின் வேகம் ஓரளவுக்கு மேல் இருக்கும் வரை எரிபொருள் அடியோடு நிறுத்தப்படும். சொட்டுக்கூடப் போகாது. சக்கரங்களே எஞ்சினைச் சுற்றவைத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் வேகம் ஐட்லிங் பக்கம், அதாவது வண்டி நிற்கும்போது அது சும்மா ஓடும் வேகத்துக்கு, இறங்கும்போதுதான், அணைந்துவிடாமலிருக்க மறுபடி எரிபொருள் தெளிக்கத் தொடங்கும். உடனடி மைலேஜ் காட்டும் மீட்டர் உள்ள வண்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலை எடுத்ததும் எண் உச்சத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியிருக்க, 'இறக்கத்தில் நியூட்ரலில் போடு, மிச்சமாகும்' என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணினி இல்லாமல், காற்றின் இழுப்பிலேயே பெட்ரோலைக் கலந்து அனுப்பிய கார்பரேட்டர் காலத்தில் அதில் ஏதோ கொஞ்சம் உண்மை இருந்தது. இன்றைய வண்டியில் நியூட்ரல் போட்டால் எஞ்சினுக்குச் சக்கரத்தின் உதவி போய்விடும். தன்னைத் தானே சுற்றிக்கொள்ள அது எரிபொருள் கேட்கும். அதாவது நீண்ட இறக்கத்தில் கியரில் விட்டால் செலவு பூஜ்யம், நியூட்ரலில் போட்டால் செலவு உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், எஞ்சின் பிரேக், அதாவது காலை எடுத்ததும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது, இல்லாமல் முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எரிபொருளை மிச்சப்படுத்தப்போய் உயிரைப் பணயம் வைக்கும் இந்தப் பழக்கம் ஒன்றை மட்டும் நீங்கள் முளையிலேயே கிள்ளினால்கூட நான் இந்த மடலை எழுதியது வீண் போகாது.

சமதரையில் மட்டும், இறக்கமும் இல்லாமல் நிறுத்தவும் வேண்டியில்லாத இடத்தில், வண்டியை நீளமாக உருள விடுவது வேறு கணக்கு. அங்கே எஞ்சின் பிரேக் வேகத்தைச் சாப்பிட்டுவிடும். லேசாக ஆக்சிலரேட்டரை வைத்துக்கொண்டு சீராகப் போவதே மேல். புதிதாகக் கற்பவனிடம் இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். 'தூரத்தில் நிற்க வேண்டியது தெரிந்தால் காலை எடு, கியரில் விடு' என்பது போதும். கிளட்சை அமுக்கிக்கொண்டே உருள்வதும் நியூட்ரல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நிறைய பேருக்கு அது தெரியாது. பயிற்சியின் முதல் வாரத்தில் வண்டி நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தில் கிளட்சை முன்னதாகவே அமுக்கும் பழக்கம் வருகிறது. பிறகு அது போவதே இல்லை.

கிளப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. மைலேஜ் வேண்டுமென்றால் பூவை மிதிப்பதுபோல் மிதிக்க வேண்டும் என்பார்கள். பாதிதான் சரி. பெட்ரோல் எஞ்சினுக்குத் துளியூண்டு திறந்த த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு) பிடிக்காது. அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுப்பதற்கே அது உழைப்பைச் செலவழிக்கும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஊர்ந்து வேகம் எடுப்பவர், மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு எஞ்சினை அதன் மோசமான நிலையிலேயே நெடுநேரம் வைத்திருக்கிறார். தேவையான அளவு தெம்பாக மிதித்து, கியரைச் சீக்கிரம் மாற்றி, போக வேண்டிய வேகத்துக்கு வந்ததும் மேல் கியரில் நிலையாக இருப்பதுதான் நல்லது. எஞ்சின் திணறி, உதறும் அளவுக்கு மேல் கியரில் இழுக்கவும் கூடாது. அது எஞ்சினுக்கே கேடு. எப்போது மாற்றுவது என்று எண் சொல்வதைவிட சத்தத்தைக் கேட்கச் சொல்வது மேல். எஞ்சின் கத்தவும் கூடாது, முனகவும் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டிக்காரருக்கு இந்தக் கவலை குறைவு; வேகம் எடுத்த பின் காலைச் சற்றுத் தளர்த்தினால் கியர் தானாக மேலே போய்விடும்.

முரட்டுத்தனமான ஓட்டம் எவ்வளவு தின்கிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வேகமாக ஏற்றி, வேகமாகப் பிடித்து, விரட்டி ஓட்டினால் நெடுஞ்சாலையில் மைலேஜ் 15 முதல் 30 சதவீதம் வரையும், நின்று நின்று போகும் நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் வரையும் விழலாம் என்கிறது. எனக்கும் அக்காவுக்கும் இருந்த வித்தியாசம் இதற்குள் அடங்குகிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 13-க்கும் 16-க்கும் இடையே 144 லிட்டர் வித்தியாசம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து அதைப்போல் மூன்று மடங்கு எப்படி வரும் என்று மாணவர்கள் கேட்டால், காற்றிலிருக்கும் ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறது என்று சொல்லுங்கள். எனக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

நெடுஞ்சாலை வேகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் கேட்பதில்லை, ஆகவே சுருக்கமாக. காற்று நம்மைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80-இலிருந்து 100-க்குப் போனால் அந்த விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. கிடைப்பது என்ன? 30 கிலோமீட்டர் தூரத்தை 90-இல் போனால் 20 நிமிடம், 100-இல் போனால் 18 நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் அடுத்த சுங்கச்சாவடி வரிசையில் கரைந்துவிடும். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்கா அடுத்த ஆண்டே நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், நம் கணக்கில் சுமார் 88 கிலோமீட்டர், என்று வேக வரம்பு வைத்தது. மக்கள் அதைக் கடுமையாக வெறுத்தார்கள்; மீறினார்கள்; 1995-இல் அது முற்றாக எடுக்கப்பட்டது. சட்டம் போட்டுக் காலைக் கட்டுவது அவ்வளவுதான் நடக்கும். பழக்கம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். உங்களிடமிருந்து வரலாம் என்று நினைத்துத்தான் அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்புறம், நின்றுகொண்டே எஞ்சினை ஓடவிடுவது. எஞ்சின் அளவையும் ஏசியையும் பொறுத்து மணிக்குச் சுமார் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை சும்மா போகும். பத்து விநாடிக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அணைத்துவிட்டு மறுபடி கிளப்புவதே லாபம். சாலை நடுவில், எப்போது நகரும் என்று தெரியாத நெரிசலில் புதியவர்கள் இதைச் செய்து தடுமாற வேண்டாம். ரயில்வே கேட்டில், ஓரமாக யாருக்காகவோ காத்திருக்கும்போது செய்யலாம். பயிற்சிக் களத்தில் அடுத்த மாணவன் வரும்வரை எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு போன் பேசும் மாஸ்டர்களும் இருக்கிறார்கள். வருத்தப்படாதீர்கள், மாணவர்கள் நீங்கள் சொல்வதைவிடச் செய்வதைத்தான் பார்க்கிறார்கள்.

டயர் காற்று பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று சொல்வீர்கள். இருக்கிறது, ஆனால் ஒரு தப்போடு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்று அடிக்கச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய தூணில் ஒட்டியிருக்கும் தாளிலும் கையேட்டிலும் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டில் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். காற்று குறைந்த டயர் எரிபொருளில் ஓரிரு சதவீதம்தான் தின்னும், பெரிய திருடன் இல்லை. ஆனால் டயரையே கெடுத்துவிடும்.

ஏசி, கூரைமேல் கட்டும் பெட்டி, டிக்கியில் சும்மா கிடக்கும் சாமான் ஆகியவற்றை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். கூரைப் பெட்டி மட்டும் ஏமாற்றுக்காரன்: காலியாக இருந்தாலும் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் வரும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போய்விடும் என்று பழைய மெக்கானிக்குகள் பயமுறுத்துவார்கள்; கணினி காற்றை அளந்து எரிபொருள் தெளிக்கும் இன்றைய எஞ்சினில் வண்டியின் இழுப்புதான் குறையும், மைலேஜ் பெரிதாக மாறாது. கார்பரேட்டர் வண்டிக்குத்தான் அந்தப் பயம் பொருந்தும். ஃபில்டரை மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. மைலேஜ் விழுந்தால் முதலில் ஃபில்டரைக் குற்றம் சொல்லாமல் காலைப் பாருங்கள் என்கிறேன்.

நான் கேட்பது புதுமையும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் கொண்டுவந்த விதியின்படி, பேருந்து, லாரி ஓட்டும் தொழில்முறை ஓட்டுநர்களின் பயிற்சியில் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் திறனும் ஒரு பாடம். பிரிட்டனில் 2008 முதல் உரிமத் தேர்வின்போது சிக்கன ஓட்டத்தையும் தேர்வாளர் கவனித்து ஆலோசனை சொல்லத் தொடங்கினார். அதற்காக யாரையும் ஃபெயில் ஆக்கவில்லை. இதையெல்லாம் தாண்டி ஒரு வேடிக்கை: 1939-இலேயே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள், யார் காரை அதிக தூரம் ஓட்டுவது என்று தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். ஜெயித்தவருக்கு ஒரு கேலனுக்கு 49.7 மைல் கிடைத்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 21 கிலோமீட்டர், அந்தக் காலத்துக் காரில். அந்தப் பந்தயம் வளர்ந்துதான் ஷெல் ஈகோ மாரத்தான் என்ற இன்றைய மைலேஜ் போட்டி ஆனது.

பந்தயம் என்றதும் ஒரு எச்சரிக்கை. மைலேஜை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்கள் லாரியின் முதுகில் ஒட்டிக்கொண்டு போவார்கள், காற்றை அது கிழித்துத் தரும் என்று. கிழித்துத் தருவது உண்மை. ஆனால் லாரிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பது அப்போது கண்ணுக்கே தெரியாது. நான் சொல்லும் முறைக்கு அது நேர் எதிர். தூரம் விட்டு ஓட்டுபவனுக்குத்தான் காலை எடுக்க நேரம் கிடைக்கும். இரண்டு, மூன்று விநாடி இடைவெளி என்று நீங்கள் ஏற்கெனவே சொல்லித் தருவதற்கு இது இன்னொரு காரணம், அவ்வளவே.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். 'இருக்கிற நாளில் கிளட்ச், கியர் சொல்லிக்கொடுக்கவே நேரம் போதவில்லை. வருபவனுக்கு உரிமம் கிடைத்தால் போதும். சீக்கிரம் காலை எடுத்தால் பின்னால் வருபவன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான்.' மூன்றும் நியாயமானவை. ஹாரனுக்கு என்னிடம் மருந்தில்லை. அக்காவுக்கும் ஹாரன் அடிப்பார்கள். அவள் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். பின்னால் யாராவது மிக நெருக்கமாக வந்தால் மட்டும் பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுவாள், ஏனென்றால் காலை எடுத்தால் பின்விளக்கு எரியாது. இது மாணவனுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

நேரத்துக்கு மட்டும் பதில் உண்டு. இது தனிப் பாடமே அல்ல. பத்தாம் நாள், கியர் ஓரளவு பிடிபட்ட பிறகு, மாணவனை வாய்விட்டுப் பேசச் சொல்லுங்கள். 'முன்னால் பஸ் நிற்கிறது, இறங்குகிறார்கள். அதற்கு அப்பால் சிவப்பு. வலது பக்கம் ஒருவர் கடக்கப் பார்க்கிறார்.' பேசிக்கொண்டே ஓட்டுபவன் தன்னையறியாமல் தூரம் பார்ப்பான். கொஞ்சம் கூச்சப்படுவான், இரண்டு நாளில் பழகிவிடும். அடுத்து, ஒரே பாதையில் இரண்டு முறை ஓட்டச் சொல்லி, எத்தனை முறை பிரேக்கைத் தொட்டான் என்று நீங்கள் எண்ணுங்கள். முதல் சுற்றில் முப்பது என்றால் இரண்டாவதில் இருபத்திரண்டு வரும். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தாலே குறையும். ஒன்றை மட்டும் சுற்றுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: தேவைப்பட்ட பிரேக்குக்குக் கணக்கில்லை. குறுக்கே ஒரு குழந்தை வந்தால் யாரும் எண்ணிக்கையை நினைக்கக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரே கேள்வி: 'இதை எவ்வளவு முன்னால் பார்த்திருக்கலாம்?'

பழகியவர்களுக்கு இதைப் பின்னால் கற்றுக்கொடுத்தால் பலன் நிலைப்பதில்லை. பயிற்சி முடிந்த வாரம் மைலேஜ் ஏறும், சில மாதத்தில் பழைய கால் திரும்பி வந்துவிடும். என் கதையும் அதுதான். அக்காவைப் பார்த்துத் திருந்திய பிறகு 15 வரை வந்தேன். அவசரமான வாரங்களில் 14-க்கு இறங்கிவிடுகிறேன். மாற்ற வேண்டிய பழக்கம் இருப்பவன் நான். உங்களிடம் வருபவனுக்கு மாற்ற வேண்டியது எதுவும் இல்லை, இன்னும் எந்தப் பழக்கமும் இல்லை. அந்த வாய்ப்பு உங்களைத் தவிர வேறு யாருக்கும் கிடைப்பதில்லை.

'எல்லாம் மின்சார வண்டி ஆகப் போகிறது, இனி எதற்கு?' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மின்சார வண்டி வேகம் தணியும்போது ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பது சரி. ஆனால் முழுவதும் திரும்பாது. போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் கழியும். அழுத்திப் பிடித்து நிறுத்தினால் சாதாரண பிரேக்கும் சேர்ந்துகொண்டு இன்னும் கழியும். முன்னால் பார்ப்பவனுக்கு அங்கேயும் சார்ஜ் நீடிக்கும். காற்றின் கணக்கோ எந்த வண்டிக்கும் ஒன்றுதான்.

அக்கா மகனுக்கு வயது வந்துவிட்டது. அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம் சேர்கிறான். அவனைக் காலி மைதானத்தில் இரண்டு முறை ஓட்டவைத்தோம். அம்மாவின் கண் அவனுக்கு வரவில்லை, மாமாவின் கால் வந்திருக்கிறது: பானட்டுக்கு முன்னால் பத்தடி தூரத்தையே பார்த்துக்கொண்டு, நான் மூச்சை இழுத்துப் பிடித்தாலே பிரேக்கை மிதிக்கிறான். யாரிடம் சேரப் போகிறான் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொள்ளும்போது, கை எங்கே, கால் எங்கே என்று கேட்பதற்கு முன்னால், தூரத்தில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்